தாத்தாவின் பதக்கம்

வீட்டிலே முதியோர் இருக்கும்வரை அவர்கள் கூறும் பழங்கதைகளுக்கு நாம் செவிகொடுப்பதில்லை. சாய்மனைக் கதிரையிலிருந்து அவர்கள் தொடங்கும்போதே, "இது நூறுமுறை கேட்ட கதை" என்று எழுந்து போய்விடுகின்றோம். அவர்கள் மறைந்தபின், ஊரின் பெயர் யாது, எந்த ஆண்டு வந்தார்கள், யாரோடு பிறந்தார்கள் என்று ஒருவரையொருவர் வினவி விழிக்கின்றோம். இந்தக் குறை நம்மவர் எல்லோர்க்கும் பொது. நமக்கும் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு இந்த வாரத்து விடயத்துக்கு வருவோம்.

சில மாதங்களுக்கு முன் மலைநாட்டிலிருந்து மாணவர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். பல்கலைக்கழகத்தில் பயில்பவர். "எங்கள் அப்பாயியின் தாத்தா வெள்ளைக்காரர் காலத்துக் குதிரைப் பட்டாளத்திலே சுபேதாராக இருந்தவர். முதலாம் உலக மகாயுத்தத்தின்போது பசராவுக்குச் சென்று இரண்டு பதக்கங்கள் பெற்று வந்தார். அவருடைய வரலாற்றை ஒரு சிறு நூலாக அச்சிட்டு, தைப்பொங்கலன்று உறவினர் அனைவர்க்கும் வழங்க எண்ணியுள்ளேன். 'சுபேதார் பரம்பரை' என்று பெயரும் வைத்துவிட்டேன். அவருடைய போர்ச்சேவை விவரங்களை எங்கே தேடலாம்?" என்பது கடிதத்தின் சாரம்.

இக்காலத்து இளைஞர் ஒருவர் நான்கு தலைமுறைக்கு முற்பட்டவரைத் தேடப் புறப்பட்டமை நமக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. ஆனால், "குதிரைப் பட்டாளத்துச் சுபேதார்" என்ற சொற்றொடர் நம்மைச் சற்றே தயங்க வைத்தது. பழைய இந்திய இராணுவத்திலே சுபேதார் என்பது காலாட்படையின் பதவி. குதிரைப்படையிலே அதற்கு நிகரான பதவிக்கு ரிசல்தார் என்று பெயர். அவ்வாறே காலாட்படையின் அவில்தார், குதிரைப்படையிலே தபேதார் ஆவார். குதிரையும் சுபேதாரும் ஒரே மனிதரிடம் சேர்வது எளிதன்று. இரண்டில் ஒன்று பிழையாக இருக்கலாம். இரண்டுமே பிழையாகவும் இருக்கலாம். கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிராமல், அட்டனை அடுத்த அந்தத் தோட்டத்துக்கு ஒரு சனிக்கிழமை நேரிலே சென்றோம்.

புளியும் பதக்கமும்

லயத்தின் கடைசி வீடு. எண்பதைக் கடந்த அப்பாயி வாசலில் நின்று நம்மை வரவேற்றார். தேநீர் அருந்தியபின், பழைய தகரப் பெட்டியொன்றிலிருந்து மஞ்சள் துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவிழ்த்தார். அதனுள்ளே வட்டமான இரண்டு உலோகத் துண்டுகள் இருந்தன.

ஒன்று கனமானது. ஒரு பக்கத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை. மறுபக்கத்தில் குதிரைமேல் அமர்ந்த வீரன். ஓரங்களில் 1914, 1918 என்ற ஆண்டுகள். குடும்பக் கதையிலே குதிரை எங்கிருந்து வந்தது என்பது நமக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. பதக்கத்திலே குதிரை இருக்கிறது. ஆகவே தாத்தா குதிரைவீரர்! உண்மையில் அது பிரித்தானியப் போர்ப் பதக்கம். அதிலுள்ள வீரன் புனித ஜோர்ஜ். தரைப்படை, கடற்படை, குதிரைவீரர், சமையற்காரர் எவராயினும் பெற்ற அனைவருக்கும் அதே குதிரைதான்.

அடுத்து, "இதன் விளிம்பிலே எழுத்துகள் இருக்குமே?" என்று வினவினோம். அப்பாயி சிரித்தார். "பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டு விளக்கி வைப்பேன் ஐயா. தாத்தா சாமான் பளபளன்னு இருக்கணுமில்லையா?" என்றார்.

வாசகர்களே, இதனை நீங்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். முதலாம் மகாயுத்தத்துக்காக வழங்கப்பட்ட இப்பதக்கத்தின் விளிம்பிலே, பெற்றவரின் இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியன சிறு ஆங்கில எழுத்துகளிற் பொறிக்கப்பட்டிருக்கும். குடும்பத்தில் வேறு எந்த ஆவணமும் இல்லாதவிடத்து, அந்த ஒரு வரியே முழு ஆவணமாகும். புளியும் சாம்பலும் இட்டு ஆண்டுதோறும் தேய்த்தால் அந்த வரி மெல்ல மெல்ல அழிந்துபோகும். அப்பாயியின் அன்பே அவருடைய தாத்தாவின் பெயரைத் தேய்த்துக்கொண்டிருந்தது. இவ்விதப் பொருள் உங்கள் வீட்டில் இருப்பின், உலர்ந்த துணியிற் சுற்றி வையுங்கள்; விளக்காதீர்கள்.

மாணவர் பூதக்கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தார். யன்னலோரத்திலே வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினோம். முதலில் இலக்கம் தெரிந்தது. பின்னர் பெயர் தெரிந்தது. அப்பாயியின் முகம் மலர்ந்தது. பெயருக்கும் இலக்கத்துக்கும் இடையிலே பதவியைக் குறிக்கும் சொல் ஒன்று இருந்தது. மாணவர் அதனை வாய்விட்டு வாசிக்காமல் நம்மிடம் கண்ணாடியை நீட்டினார். நாம் பார்த்தோம். 'கூலி' என்று ஆங்கிலத்திலே பொறித்திருந்தது. அதன்பின் வந்த சுருக்கெழுத்துகள் தொழிற்படையைக் குறித்தன.

வெண்கலத்தின் பொருள்

இவ்விடத்திலே பதக்கத்தின் உலோகத்தைப்பற்றியும் சில சொற்கள் கூறவேண்டும். இப்பதக்கத்தை வெள்ளியிலே பெற்றவர்கள் ஏறக்குறைய 65 இலட்சம் பேர். வெண்கலத்திலே பெற்றவர்கள் ஏறக்குறைய 1,10,000 பேர் மாத்திரமே. அவ்வெண்கலப் பதக்கம் பெரும்பாலும் சீனா, மோல்டா, இந்தியா ஆகிய நாடுகளின் தொழிற்படையினர்க்கே வழங்கப்பட்டது. ஒரே போர், ஒரே மன்னரின் தலை, ஒரே குதிரை. உலோகம் மட்டும் வேறு! நம் கையிலிருந்தது வெண்கலம்.

ஆயினும் அவசரப்பட்டு முடிவுசெய்தலாகாது. அதே போருக்காக வழங்கிய வெற்றிப் பதக்கம் என்பது வேறொன்று. அதிலே சிறகு விரித்த பெண்ணுருவம் இருக்கும். அது தளபதி முதல் தொண்டர்வரை எல்லோர்க்கும் வெண்கலத்திலேயே வழங்கப்பட்டது. ஆகவே, உலோகத்தை மட்டும் பார்த்து, "எங்கள் பூட்டனார் சிப்பாய் அல்லர்" என்று எவரும் வருந்த வேண்டியதில்லை. உருவத்தையும் விளிம்பையும் சேர்த்துப் பார்த்தே தீர்மானித்தல் வேண்டும்.

இரண்டாவது உலோகத் துண்டோ பதக்கமே அன்று. மெல்லிய தகரம், கயிறு கோக்க ஒரு துளை, ஆங்கில எழுத்து ஒன்றும் சில இலக்கங்களும். தோட்டத் துறையிலே நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் பின்னர் அதனைக் காட்டினோம். பார்த்த மாத்திரத்தில், "இது தகரத்துண்டு அல்லவா!" என்றார். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே, தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் கழுத்திலே கட்டிக்கொண்டு வந்த அடையாளம் அது. எழுத்து மாவட்டத்தையும் இலக்கம் தோட்டத்தையும் குறிக்கும். மண்டபம் முகாமிலே தங்கி, தனுஷ்கோடியிற் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிய எத்தனை ஆயிரம் பேரின் மார்பிலே அது தொங்கியிருக்கும்! குடும்பத்தார் நூறாண்டாக அதனை இரண்டாவது வீரப்பதக்கம் என்று போற்றி வந்தனர்.

திரும்பும் வழியிலே மாணவர் நம்மோடு தெருமுனைவரை நடந்து வந்தார். வெகுநேரம் பேசவில்லை. பின்னர், "ஐயா, போரிலும் கூலி, தோட்டத்திலும் கூலி. இதை எப்படி அச்சிடுவது?" என்றார். நாம் உடனே விடை கூறவில்லை. கூறத் தெரியவுமில்லை. "முதலில் முழுவதையும் தேடுவோம், பிறகு அச்சிடுவதைப்பற்றி யோசிப்போம்" என்று மட்டும் சொன்னோம்.

பின்தொடர்ந்தோர் படை

வரலாற்று நூல்களைப் புரட்டினால், முதலாம் மகாயுத்தத்துக்கு இந்தியா கடல்கடந்து அனுப்பியவர்கள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று காண்கின்றோம். அந்நாளைய இந்திய இராணுவத்தின் அணிகளிலே இருந்தவர்களுள் 5,50,000 பேருக்கு மேல் துப்பாக்கி ஏந்தாதவர்கள் என்பது பலருக்கும் தெரியாது. சுமை தூக்குவோர், கோவேறு கழுதை ஓட்டுவோர், காயமுற்றோரைத் தூக்கிச் செல்வோர், தோற்பையிலே நீர் சுமப்போர், சமைப்போர், துப்புரவு செய்வோர், சாலையும் இருப்புப்பாதையும் இடுவோர் என அவர்கள் பலதிறத்தர். படையைப் 'பின்தொடர்வோர்' என்பதே இவர்களுட் பலருக்கு இராணுவம் இட்ட பெயர். ஊதியத்திலும் ஏனைய உரிமைகளிலும் சிப்பாய்க்கு ஒருபடி கீழேயே இவர்கள் வைக்கப்பட்டனர்.

இவர்களுட் பெருந்தொகையினர் சென்ற இடம் மெசப்பொத்தேமியா, அதாவது இன்றைய ஈராக். அங்கே 1915ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் திகதி முதல் கூற் என்ற ஊரிலே முற்றுகையிடப்பட்டுக் கிடந்த பிரித்தானிய இந்தியப் படை, உணவின்றி 1916 ஏப்ரல் 29இல் துருக்கியரிடம் சரணடைந்தது. ஏன் உதவி சென்று சேரவில்லை? பசராத் துறையிலே கப்பல்கள் வந்து நின்றன. ஆனால் இறக்குவதற்குப் போதிய துறைமேடையும் ஆட்களும் இல்லை. ஆற்றுவழிப் படகுகளும் இல்லை. காயமுற்றோர் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. இதனை விசாரிக்க நியமிக்கப்பட்ட மெசப்பொத்தேமிய ஆணைக்குழு, 1917இல் வெளியிட்ட அறிக்கையிலே போக்குவரத்துச் சீர்கேட்டையும் மருத்துவச் சீர்கேட்டையும் கடுமையாகச் சாடியது.

கூற் வீழ்ந்தபின் துறைமேடைகள் கட்டப்பட்டன, மண்ணணைகள் எழுந்தன, இருப்புப்பாதைகள் நீண்டன. 1917 மார்ச் 11இல் பக்தாத் நகரம் பிரித்தானியர் வசமாயிற்று. நூல்கள் தளபதியின் பெயரைக் கூறுகின்றன. மேடையைக் கட்டியவர் எவர்? மூட்டையை இறக்கியவர் எவர்? நம் மாணவரின் மூதாதையைப் போன்றவர்களே.

பெயரும் எண்ணிக்கையும்

இறந்தவர்களின் நிலை யாதாயிற்று? 1917ஆம் ஆண்டிலே அமைக்கப்பட்ட போர்க் கல்லறை ஆணைக்குழுவின் கொள்கை உயர்ந்தது: பதவி, இனம், சமயம் என்ற வேற்றுமையின்றி இறந்த ஒவ்வொருவர் பெயரும் கல்லிலே பொறிக்கப்படல் வேண்டும். பிரான்சு தேசத்திலே நூவ் ஷப்பெல் என்ற ஊரிலுள்ள இந்திய வீரர் நினைவகத்திலே அவ்வாறே பெயர்கள் உள்ளன. ஆனால் 1929இல் திறக்கப்பட்ட பசரா நினைவகத்திலோ, பிரித்தானியரின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. இந்தியச் சாதாரண வீரர்கள் படைப்பிரிவு வாரியாக 'இன்னும் இத்தனை பேர்' என்று எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர்.

இந்தக் குறையை அந்த ஆணைக்குழுவே 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. 45,000 முதல் 54,000 வரையிலானோர் ஏனையோர்க்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை பெயரின்றியோ அடியோடு நினைவின்றியோ விடப்பட்டனர் என்றும் அது கூறிற்று. அவர்களுட் பெரும்பாலோர் ஆபிரிக்க, ஆசிய, மத்திய கிழக்கு மக்கள்.

தமிழ்நாட்டிலும் இந்தியாவின் பிற பாகங்களிலும் சில கிராமங்களிலே சிறு கல்வெட்டுகள் உண்டு. "இக்கிராமத்திலிருந்து மகாயுத்தத்துக்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர்" என்பதே வாசகம். அங்கும் எண்ணிக்கைதான். பெயர் இல்லை.

இவற்றை மாணவருக்கு விளக்கி எழுதியபோது, ஒரு செய்தியையும் சேர்த்து எழுதினோம். "பசராவிலே மடிந்த சிப்பாய்க்குக் கல்லிற் கிடைக்காத பெயர், உங்கள் தாத்தாவுக்கு வெண்கல விளிம்பிலே கிடைத்திருக்கிறது. அவரைக் கூலி என்று அழைத்த அதே வரிதான் அவர் பெயரையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஒன்றை விட்டு மற்றொன்றை எடுத்துக்கொள்ள நம்மால் இயலாது."

குடியுரிமைப் பத்திரம்

பதக்கத்திலுள்ள பெயர் இவர் பெயர்தான் என்பதற்குச் சான்று வேண்டாமா? நம் பெயர்களிலே குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயர் ஓரெழுத்தாய் முன்னே நிற்கும். சிலபோது அதுவும் இல்லை. ஒரே பெயருடையோர் ஓராயிரம் பேர். இராணுவ எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் எழுதினார். தோட்டத்து எழுத்தர் வேறுவிதமாக எழுதினார். 'ழ'கரம் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் மற்றோரிடத்தில் வேறுவிதமாகவும் இருக்கும். ஆகவேதான் பெயரினும் இலக்கமே உறுதியானது என்று இத்துறையில் வல்லோர் கூறுவர்.

சான்று எதிர்பாராத இடத்திலே கிடைத்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது வாசகர் அறிந்ததே. 1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ்க் குடியுரிமை கோரியோர், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவராயின் 7 ஆண்டுகளும் மணமாகாதவராயின் 10 ஆண்டுகளும் தொடர்ந்து இந்நாட்டில் வசித்தமையை நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்காக ஒவ்வொரு குடும்பமும் கிடைத்த காகிதத்தையெல்லாம் சேர்த்துக் கட்டி வைத்தது. அப்பாயியின் தந்தையார் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியொன்று அதே தகரப் பெட்டியின் அடியிலே, பழைய கூப்பன் புத்தகங்களுக்கும் பிறப்புச் சான்றுகளுக்கும் இடையே மடிந்து கிடந்தது. அதிலே தந்தையின் பெயர் என்ற இடத்தில், பதக்கத்திலுள்ள அதே பெயர். ஓரெழுத்து மட்டும் வேறுபாடு. பிறந்த கிராமமும் தாலுகாவும் எழுதப்பட்டிருந்தன. முதலில் வந்து சேர்ந்த தோட்டத்தின் பெயரும் இருந்தது. தகரத்துண்டின் எழுத்து சுட்டிய மாவட்டமும் அதுவே.

எண்ணிப் பாருங்கள். தாம் இந்நாட்டவர் என்று நிரூபிக்க மகன் சேர்த்த காகிதக் கட்டு, அவருக்கு வேண்டியபோது என்ன பயன் தந்ததோ, இன்று கொள்ளுப்பேரனுக்கு முழு வமிசத்தையும் தந்துவிட்டது. இத்தகைய கட்டுகள் மலைநாட்டு லயங்களிலே இன்னும் எத்தனையோ உள்ளன. "பழைய கடதாசி" என்று அடுப்பிலிடுவோர், தம் பாட்டனாரையே அடுப்பிலிடுகின்றனர்.

கூடலூரிலிருந்து ஒரு மறுப்பு

1964 ஒக்டோபரிலே கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அந்தப் பங்கீட்டிலே இக்குடும்பமும் இரண்டாயிற்று. அப்பாயியின் சித்தப்பா குடும்பம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூருக்குச் சென்று அங்கே தேயிலைத் தோட்டத்திலேயே குடியேறியது. அவருடைய மகன் இன்று அங்கே பெரியவர். மாணவர் கைத்தொலைபேசியிலே படங்களை அனுப்பிக் கண்டறிந்தவற்றைச் சொன்னபோது, பெரியவர் மனம் நொந்தார்.

"நாங்கள் இங்கே வந்தபோது 'சிலோன்காரர்' என்று ஒதுக்கினார்கள். எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொள்ள இருந்த பெருமை இந்தச் சுபேதார் கதை ஒன்றுதான். அதையும் பறித்துவிடாதே, தம்பி. இருந்ததை இருந்தபடியே அச்சிடு" என்றாராம்.

மாணவர் இதனை நமக்கு எழுதி, "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். அந்தப் பெரியவரின் சொல்லை எளிதாக ஒதுக்கிவிட நம்மால் முடியவில்லை. வறியவர் வீட்டிலே ஒரு கதை வெறுங்கதை அன்று. அது சுவருக்கு முட்டுக்கொடுத்த தூண். தூணைப் பிடுங்குவோர், வேறொன்றை நாட்டிவிட்டன்றோ பிடுங்கவேண்டும்? மறுபுறத்தில், பொய்யை அச்சிலேற்றினால் அது நாளை மெய்யாகும். மெய்யான மனிதர் என்றைக்கும் திரும்பி வாரார். சுபேதாரைப் போற்றுவதாக எண்ணி, வாழ்ந்து உழைத்த அந்த மனிதரையே குடும்பத்திலிருந்து அகற்றிவிடுவோம். இரு பக்கமும் எழுதி, "முடிவு கூறத் தகுந்தவர் அப்பாயி ஒருவரே, அவர்தாம் தாத்தாவைக் கண்ணாற் கண்டவர்" என்று முடித்தோம்.

அப்பாயி கூறியது

ஏனெனில் இதுவரை எவரும் அப்பாயியிடம் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை! இரண்டாம் முறை நாம் சென்றபோது மாணவர் அவர் அருகே தரையில் அமர்ந்து, எல்லாவற்றையும் மெதுவாக எடுத்துரைத்தார். குதிரை எல்லோருடைய பதக்கத்திலும் உள்ளது என்றார். தகரத்துண்டைப்பற்றிச் சொன்னார். கடைசியில் விளிம்பிலுள்ள சொல்லையும் சொன்னார்.

அப்பாயி பதக்கத்தைக் கையிலெடுத்துச் சிறிதுநேரம் விரலாலே தடவினார்.

"எனக்குப் பத்து வயசிருக்கும். தாத்தா தோளிலே ஏறிக் குந்துவேன். வலது தோளிலே கல்லு மாதிரி ஒரு காய்ப்பு இருந்துச்சு. 'இதென்ன தாத்தா'ன்னு கேப்பேன். 'பசரா மூட்டை'ன்னு சொல்லிச் சிரிப்பாரு. குதிரையிலே போனவருக்குத் தோளு ஏன் காய்க்குதுன்னு நான் ஒருநாளும் யோசிச்சதில்லை, ராசா" என்றார்.

பிறகு நம்மை நோக்கி, "மூட்டை போய்ச் சேராட்டி அந்தச் சுபேதாரு என்னத்தைத் தின்னுருப்பாரு, ஐயா? எழுதட்டும். உள்ளதை எழுதட்டும். கூடலூருத் தம்பிகிட்ட நான் பேசுறேன்" என்றார்.

நாம் அதற்குமேற் கூற ஒன்றுமில்லை. கூலி என்பது நம் மொழியிலே உழைத்தவனுக்குக் கொடுக்கவேண்டிய ஊதியத்தின் பெயர். ஆங்கிலத்திலே அதே ஒலியுடைய சொல் உழைத்தவனையே குறிக்கும் பெயராயிற்று. கொடுக்கவேண்டியது இன்னும் பாக்கியிருக்கிறது என்பதை அச்சொல் நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கும் போலும்.

தேடப் புகுவோர்க்கு

இக்குடும்பத்தின் அனுபவத்திலிருந்து ஏனைய வாசகர்க்குப் பயன்படக்கூடிய சிலவற்றைச் சுருக்கமாகத் தருகின்றோம்.

முதலாவது, முதியோர் சொல்வதைச் சொன்னபடியே எழுதி, நாளும் இட்டு வையுங்கள். பிழையென்று தோன்றினும் திருத்தாதீர்கள். 'பசரா மூட்டை' என்ற இரு சொற்களை எவரேனும் அன்றே எழுதி வைத்திருப்பின், குதிரை எப்போதோ இறங்கிப்போயிருக்கும்.

இரண்டாவது, பதக்கம், சான்றிதழ், கடிதவுறை ஆகியவற்றிலுள்ள இலக்கத்தையும் படைப்பிரிவையும் எழுத்து மாறாமற் பெயர்த்தெழுதுங்கள். இரண்டாம் மகாயுத்தத்துக்காகப் பிரித்தானியா தன் படையினர்க்கு வழங்கிய நட்சத்திரப் பதக்கங்களிற் பெயர் பொறிக்கப்படவில்லை. ஆகவே அப்போரைச் சேர்ந்தோர் குடும்பத்தார் காகிதங்களையே பெரிதும் நம்பவேண்டும்.

மூன்றாவது, போரில் இறந்தோரைத் தேடுவோர் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் பெயர்ப்பட்டியலைப் பார்க்கலாம். இந்திய வீரர் பலரின் குறிப்பிலே தந்தையின் பெயர், கிராமம், தாலுகா ஆகியனவும் உள்ளன. உயிருடன் மீண்டோரைத் தேடுவது கடினம். இலண்டனிலே வைக்கப்பட்டிருந்த பிரித்தானியச் சிப்பாய்களின் முதலாம் மகாயுத்தச் சேவைப் பதிவுகளிற் பாதிக்குமேல் 1940 செப்டெம்பரில் குண்டுவீச்சினால் எரிந்தன. எஞ்சியவையும், படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகளும் கியூவிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் உள்ளன.

நான்காவது, நம்பிக்கை இழவாதீர்கள். பஞ்சாப் மாகாணத்துப் படைவீரர் 3,20,000 பேரின் விவரங்கள் அடங்கிய கையெழுத்துப் பதிவேடுகள், லாகூர் அரும்பொருட்சாலையிலே ஏறக்குறைய நூறாண்டு வாசிப்பாரின்றிக் கிடந்து, 2021ஆம் ஆண்டிலேதான் பொதுமக்கள் தேடக்கூடிய வகையில் வெளிவரத் தொடங்கின. நாளை எந்தப் பெட்டி திறக்கும் என்பதை யார் அறிவார்?

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொழும்பிலே லிவரமெந்து, கண்டி, திருகோணமலை ஆகிய இடங்களிற் போர்க் கல்லறைகள் உள. விடுமுறையில் ஒருநாள் சென்று, பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து வாருங்கள். யாரோ ஒரு தாய் வைத்த பெயரை நாம் ஒருமுறை வாயால் உச்சரிப்பதும் ஒரு கடமையே.

அந்தச் சிறு நூல் தைப்பொங்கலுக்கு வெளிவந்தது. கூடலூருக்கும் முப்பது பிரதிகள் சென்றன. பெரியவர் முதலிற் சில நாள் பேசாதிருந்து, பின்னர் மேலும் பத்துப் பிரதிகள் கேட்டனுப்பினாராம். நமக்கு வந்த பிரதி இதோ மேசைமேல் இருக்கிறது. அட்டையிலே 'சுபேதார் பரம்பரை' என்ற தலைப்பு இல்லை. தாத்தாவின் பெயரும், அதன்கீழ் அவருடைய இலக்கமும் மட்டுமே உள்ளன.

அப்பாயி இப்போது பதக்கத்தைப் புளியிட்டு விளக்குவதில்லை. இந்தப் பொங்கலுக்குப் பதக்கம் சற்றுக் கறுத்தே இருந்ததாக மாணவர் எழுதியுள்ளார்.